பொத்தானை அழுத்தும்வரை அது அங்கே இல்லை

கேபிள் செருகியிருக்கிறது. கருவியின் திரை ஒளிர்கிறது. கணினியும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் என்னென்ன சாதனங்கள் இணைந்திருக்கின்றன என்று கணினியைக் கேட்டால் மவுஸைச் சொல்கிறது, கீபோர்டைச் சொல்கிறது, இந்தக் கருவியை மட்டும் சொல்ல மறுக்கிறது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹேண்ட்ஸ்பிரிங் வைசரையோ பாம் கருவியையோ லினக்ஸ் கணினியோடு பேசவைக்க முயன்ற பலரும் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். கேபிளைச் சபித்தவர்கள் உண்டு. லினக்ஸைச் சபித்தவர்கள் இன்னும் அதிகம். ஆனால் கணினி பொய் சொல்லவில்லை. ஒரு பொத்தானை அழுத்தும்வரை, யுஎஸ்பியைப் பொறுத்தமட்டில், அந்தக் கருவி அங்கே இல்லவே இல்லை.

ஸ்மார்ட்போனுக்கு முந்தைய தலைமுறை இது. தொலைபேசி எண்கள், நாட்குறிப்பு, செய்யவேண்டிய வேலைகள், சில்லறைக் குறிப்புகள் ஆகியவற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதற்கென்றே பிறந்த கையடக்கக் கருவி. 1996-ல் வந்த முதல் பாம் கருவியான பைலட் 1000-ன் நினைவகம் 128 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் ‘காலை வணக்கம்’ படம் ஒன்றுக்குக்கூட இன்று அது பத்தாது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், சட்டைப்பைக்குள் அடங்கும் மரத்துண்டு ஒன்றைக் கொஞ்சநாள் கூடவே வைத்துக்கொண்டு, அதில் குறிப்பெழுதுவதுபோலப் பாவனை செய்து பார்த்தார் என்பது கணினி வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. அந்த மரத்துண்டைவிட முக்கியமானது அவர் எடுத்த இன்னொரு முடிவு. இந்தக் கருவி தனிக்குடித்தனம் நடத்தாது. மேசைக் கணினியின் துணையோடுதான் வாழும். ஒரே பொத்தான், ஒரே அழுத்தல், இரண்டு பக்கத்துக் கணக்கும் ஒன்றாகிவிட வேண்டும். அந்தப் பொத்தானுக்கு ஹாட்சிங்க் என்று பெயர்.

அது வெறும் வசதிக்காக வைத்த பொத்தானும் இல்லை. அக்காலத்துப் பாம் கருவிகளில் எழுதியதெல்லாம் ராமில் இருந்தது. மின்சாரம் இருக்கும்வரைதான் ராமுக்கு ஞாபகம். இரண்டு பென்சில் பேட்டரியும் முற்றாகத் தீர்ந்து, உடனே மாற்றாமல் விட்டால் உள்ளே இருந்த எல்லாம் போய்விடும். கணினியில் இருக்கும் பிரதிதான் ஒரே காப்பு.

எலவனாசூர்கோட்டையில் விதை, உரம் விற்கும் கடைக்காரர் ஒருவரிடம் 2005 வாக்கில் இப்படியொரு கருவி இருந்ததாக வைத்துக்கொள்வோம். உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி வழியாகச் சேலம் போகும் சாலையில் இருக்கும் ஊர். சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைந்த சிவன் கோயில் உண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-ல்தான் பிறந்தது என்பதால் அப்போது எல்லாவற்றுக்கும் விழுப்புரம்தான். சுற்றுவட்டாரத்தில் நெல், கரும்பு, மணிலா, மக்காச்சோளம். யார் எத்தனை மூட்டை யூரியா கடனாக எடுத்தார், அறுவடை முடிந்து எப்போது தருவார் என்பதெல்லாம் கடைக்காரர் கையிலிருக்கும் கருவியில். சென்னை ரிச்சி தெருவில் உறவுக்காரப் பையன் பேரம் பேசி வாங்கிவந்த பழைய வைசர். கடையில் அவன் போட்டுக்கொடுத்த லினக்ஸ் கணினி. இணையவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது? விழுப்புரத்துக்குத் தூக்கிப் போனாலும் ‘லினக்ஸா? இங்கே பார்ப்பதில்லை’ என்ற பதில்தான் கிடைக்கும்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் லினக்ஸின் ஒரு குணம் காசு பெறும். நடந்ததை அது மறைப்பதில்லை. ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, மீண்டும் முயலவும்’ என்று பூசி மெழுகுவதில்லை. எந்த நொடியில், எந்தப் படியில், என்ன காரணத்தால் நின்றது என்று எழுதிவைக்கிறது. கேட்கத் தெரிந்தால் போதும். கேட்கத் தெரிவதற்கு யுஎஸ்பி எப்படிப் பேசுகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

யுஎஸ்பியின் முதல் தரநிலை 1996-ல் வந்தது. இன்டெல் நிறுவனத்தில் அதை வடிவமைத்த குழுவில் முதன்மையானவர் வதோதராவில் படித்த அஜய் பட். பிரின்டருக்கு ஒரு துளை, மவுஸுக்கு ஒரு துளை, மோடத்துக்கு வேறொரு துளை என்று இருந்த காலத்தை முடித்துவைத்தவர்களில் ஒருவர். பழைய சீரியல் போர்ட்டில் இரண்டு பக்கமும் சமம். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். மறுமுனையில் ஆள் இருக்கிறதா என்பதைக்கூட அது பெரிதாகக் கவலைப்படாது. யுஎஸ்பியில் அந்தச் சுதந்திரம் கிடையாது. கணினிதான் எஜமான். வகுப்பில் ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது மட்டும் ‘உள்ளேன் ஐயா’ சொல்லும் மாணவரைப்போல, கணினி கேட்டால்தான் கருவி வாய் திறக்கும். மவுஸை நகர்த்தும்போது அது தானாகச் செய்தி அனுப்புவதாக நினைக்கிறோம். அது அனுப்புவதில்லை. ‘நகர்ந்தாயா?’ என்று கணினி வினாடிக்கு நூறு முறைக்குக் குறையாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் புதிதாக வந்த கருவியைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? பெயர் தெரியாதவரை எப்படிக் கூப்பிடுவது? இங்கேதான் யுஎஸ்பியின் மிக அழகான தந்திரம் இருக்கிறது. கேபிளுக்குள் நான்கு கம்பி. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. தரவுக் கம்பிகள் இரண்டையும் கணினி தன் பக்கத்தில் 15 கிலோஓம் மின்தடை வழியாகத் தரையோடு கட்டி வைத்திருக்கிறது. யாரும் இல்லாதபோது இரண்டிலும் பூஜ்யம் வோல்ட். கருவி வந்ததும் ஒரு கம்பியை மட்டும் 1.5 கிலோஓம் மின்தடை வழியாக 3.3 வோல்ட்டுக்கு மேலே இழுக்கிறது. மேலே இழுக்கும் கை, கீழே இழுக்கும் கையைவிடப் பத்து மடங்கு வலியது. கம்பியில் 3 வோல்ட் நிற்கிறது. ‘யாரோ வந்திருக்கிறார்கள்’ என்று கணினிக்குத் தெரிந்துவிடுகிறது. இரண்டில் எந்தக் கம்பி மேலே போனது என்பதே கருவியின் வேகத்தையும் சொல்லிவிடும்: ஒன்று என்றால் வினாடிக்கு 1.5 மெகாபிட், மற்றது என்றால் 12 மெகாபிட். ஒரு எழுத்துகூடப் பரிமாறாமல், வெறும் வோல்ட்டேஜால் நடக்கும் அறிமுகம்.

அறிமுகம் ஆனதும் கணினி கொஞ்சம் பொறுக்கிறது. செருகும்போது உலோகத்தோடு உலோகம் உரசித் துள்ளும் அல்லவா, அது அடங்கக் குறைந்தது 100 மில்லிவினாடி. பிறகு இரண்டு கம்பியையும் கீழே இழுத்துப் பிடித்துக் கருவியை ரீசெட் செய்கிறது. அந்த நொடியில் கருவியின் முகவரி 0. புதிதாக வரும் எல்லாருக்கும் அதே முகவரிதான். அதனால்தான் ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விசாரிக்க முடியும். ‘நீ யார்?’ என்ற கேள்விக்கு 18 பைட் கொண்ட பதில் வருகிறது: எந்த நிறுவனம், எந்த மாதிரி, எந்த வகை. ஹேண்ட்ஸ்பிரிங் என்றால் 082டி, பாம் என்றால் 0830 என்று நிறுவனத்துக்கு ஒரு எண். பிறகு 1 முதல் 127 வரை ஏதோ ஒரு முகவரி ஒதுக்கப்படுகிறது. இதெல்லாம் முடிய ஒரு விநாடிகூட ஆகாது.

இப்போது வைசருக்கு வருவோம். 1999-ல் வந்த, பாம் இயங்குதளத்திலேயே ஓடிய அந்தக் கருவி, கிரேடில் என்ற தாங்கியில் உட்கார்ந்திருந்தாலும் அந்த மேல்இழுப்பைக் கொடுப்பதில்லை. ஹாட்சிங்க் பொத்தானை அழுத்தினால்தான் கம்பி மேலே போகும். வேலை முடிந்ததும் விட்டுவிடும். பேட்டரியை எண்ணி எண்ணிச் செலவழித்த காலத்துக் கருவிக்கு இது பொருத்தமான குணம்தான். ஆனால் லினக்ஸில் பாம் கருவிகளுக்காக எழுதப்பட்டிருந்த பைலட்-லிங்க் போன்ற மென்பொருள்கள் சீரியல் போர்ட் காலத்தில் பிறந்தவை. அவற்றின் கையேடு சொன்ன வரிசை வேறு: முதலில் கணினியில் நிரலை ஓடவிடு, அது போர்ட்டைத் திறந்து காத்திருக்கும், பிறகு பொத்தானை அழுத்து. சீரியல் போர்ட் எப்போதும் அங்கேயே இருக்கும் துளை என்பதால் அது சரியாக நடந்தது. யுஎஸ்பியில், பொத்தானை அழுத்தாதவரை திறப்பதற்குப் போர்ட்டே கிடையாது.

லினக்ஸின் மையப்பகுதியான கர்னலுக்கு வைசர் டிரைவரை எழுதிய கிரெக் குரோவா-ஹார்ட்மன், இதைத் தன் ஆவணத்தில் ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்தார். எந்த நிரலையும் தொடுவதற்கு முன் பொத்தானை அழுத்தியாக வேண்டும். மற்ற கையேடுகள் சொல்வதற்கு இது நேர்மாறு. ஆனாலும் இந்தக் கருவியின் வன்பொருள் அப்படித்தான், வேறு வழியில்லை என்பது அதன் சாரம். இன்னொரு விசித்திரத்தையும் அவர் குறித்திருந்தார். பொத்தானை அழுத்தினால் கணினியில் ஒன்றுக்கு இரண்டு போர்ட் முளைக்கும். வேறு யுஎஸ்பி-சீரியல் சாதனம் எதுவும் இல்லையென்றால் அவை 0, 1 என்று எண்ணிடப்படும். ஒத்திசைவு நடப்பது இரண்டாவதில். முதல் வாசலில் நின்று தட்டிக்கொண்டே இருந்தவர்கள் ஏராளம். திறக்கவே திறக்காது.

பழைய லினக்ஸில் இந்த வரிசைத் தப்பு அவ்வளவாகக் கடிக்கவில்லை. அங்கே போர்ட்டுகளைக் குறிக்கும் கோப்புகள், சாதனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முன்கூட்டியே உருவாக்கப்பட்டுப் படுத்திருக்கும். 2004, 2005 வாக்கில் யுடெவ் என்ற ஏற்பாடு பரவியது. சாதனம் வந்தால் கோப்பு பிறக்கும், போனால் மறையும். கொள்கையளவில் இதுதான் நேர்மையானது. இல்லாததை இருப்பதாகக் காட்டுவதில்லை. நடைமுறையில் என்ன ஆனது என்றால், பொத்தானை அழுத்தியதும் அவசரமாக நிரலை ஓட்டியவருக்கு ‘அப்படியொரு கோப்பே இல்லை’ என்ற பதில். நிதானமாக எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஓட்டியவருக்கும் அதே பதில், ஏனென்றால் காத்துப் பார்த்த கருவி அதற்குள் இணைப்பைக் கைவிட்டிருக்கும். இடையில் சில விநாடிகளே கொண்ட ஒரு வாய்ப்பு. நம் கடைக்காரர் பொத்தானை அழுத்தி, மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டு என்டரைத் தட்டினால் நடந்துவிடும். விஞ்ஞானம் மாதிரியே தோன்றாது. ஆனால் காரணம் முழுக்க விஞ்ஞானம்தான்.

தோல்விக்கு எண் உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். லினக்ஸ் ஒவ்வொரு தோல்வியையும் ஒரு எண்ணால் குறிக்கிறது. அந்த எண்கள் பல பத்தாண்டுகளாக மாறவில்லை. 2 என்றால் கோப்பு இல்லை: நீங்கள் முந்திவிட்டீர்கள் அல்லது பிந்திவிட்டீர்கள். 13 என்றால் கோப்பு இருக்கிறது, திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை. இது முற்றிலும் வேறு நோய். போர்ட் பொதுவாக ரூட் என்ற நிர்வாகிக்கும் ‘டயல்அவுட்’ என்ற குழுவுக்கும் சொந்தம். மோடம் வைத்துத் தொலைபேசியில் டயல் செய்த காலத்தின் எச்சம் அந்தப் பெயர். பயனரை அந்தக் குழுவில் சேர்த்தால் தீர்ந்தது. சேர்த்த பிறகும் ‘அனுமதி இல்லை’ என்றே வரும், பலர் இந்த இடத்தில் நம்பிக்கை இழப்பார்கள். ஒருமுறை வெளியேறி மறுபடி உள்நுழைந்தால்தான் புதிய குழு உறுப்பினர் பதவி செல்லுபடியாகும்.

கர்னல் எழுதும் நாட்குறிப்பை டிமெசேஜ் என்ற கட்டளையில் படிக்கலாம். அதில் மைனஸ் 71 என்று வந்தால் கருவியின் பதில் சிதைந்து வந்திருக்கிறது. மைனஸ் 110 என்றால் பதிலே வரவில்லை, காத்திருந்து நேரம் கடந்துவிட்டது. இரண்டுக்கும் பெரும்பாலும் மென்பொருள் காரணமாக இருக்காது. நைந்த கேபிள், கறுத்துப்போன கிரேடில் முனைகள், அல்லது கணினிப் பெட்டியின் முன்பக்கத் துளை. முன்பக்கத் துளையிலிருந்து மதர்போர்டுவரை உள்ளே ஓடும் மட்டமான கம்பி செய்யும் அநியாயம் கொஞ்சமல்ல. பின்பக்கம் மதர்போர்டிலேயே பதித்திருக்கும் துளையில் செருகினாலே பாதி வழக்கு முடிந்துவிடும். நம் ஊர்க் கடைகளில் எர்த் சரியில்லாத பிளக் பாயின்ட் இன்னொரு காரணம். கணினிப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? அந்த மின்கசிவு தரவுக் கம்பியின் 3 வோல்ட் உலகத்துக்குப் பெரிய இரைச்சல். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய பிரச்சினையை மென்பொருளில் தேடிக்கொண்டிருப்போம்.

எண்கள் எதுவும் காட்டாத தோல்வியும் ஒன்று உண்டு. பைலட்-லிங்கின் பிந்தைய பதிப்புகள் கர்னல் டிரைவரை நம்பாமல் நேரடியாக யுஎஸ்பியில் பேசக் கற்றன. நல்ல முன்னேற்றம். ஆனால் பழைய வைசர் டிரைவரும் பக்கத்திலேயே விழித்திருக்கும். பொத்தானை அழுத்தியதும் டிரைவர் முந்திக்கொண்டு கருவியைப் பிடித்துக்கொள்ளும், நிரல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். டிரைவரைத் தடைப்பட்டியலில் போட்டுவிட்டால் நேரடி வழி வேலைசெய்யும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று புரிந்துகொள்ள லினக்ஸ் உலகத்துக்கே சில ஆண்டுகள் பிடித்தன.

இவ்வளவும் கம்பியின் கதை. இணைப்பு கிடைத்துவிட்டது, திரையில் பட்டை நகர்கிறது. இனிதான் உண்மையான வியப்பு.

ஒத்திசைவு என்றால் நகலெடுப்பது என்று பலரும் நினைக்கிறோம். நகலெடுப்பது சுலபம்: ஒரு பக்கம் சரி, மறுபக்கம் அதை அப்படியே ஏற்கும். இங்கே இரண்டு பக்கமும் சரியாக இருக்கலாம். கடைக்காரர் காலையில் கருவியில் ஒரு விவசாயியின் பாக்கியை 4,200 என்று மாற்றுகிறார். கடையில் இருக்கும் மகன் அதே பாக்கியைக் கணினியில் 3,700 ஆக்குகிறான், ஏனென்றால் அவர் வந்து கொஞ்சம் கட்டிவிட்டுப் போனார். இரவு இணைக்கும்போது எது நிற்கும்? எந்தப் பக்கம் கடைசியாக எழுதியதோ அதை எடு என்று சொல்லத் தோன்றும். அதற்கு இரண்டு கடிகாரமும் சரியாக ஓட வேண்டும். 2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பட்ட மின்வெட்டை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்: மதர்போர்டின் காசு பேட்டரி செத்துப்போயிருந்தால், கரண்ட் வந்து கணினி எழும் ஒவ்வொரு முறையும் அதன் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். கடிகாரத்தை நம்பிய ஒத்திசைவு அன்று எல்லாப் புதிய கணக்கையும் பழசென்று தூக்கிப்போட்டிருக்கும்.

பாம் கடிகாரத்தை நம்பவில்லை. ஒவ்வொரு பதிவோடும் ஒரே ஒரு பைட்டைக் கூடவே வைத்தது. அதன் எட்டு பிட்டில் ஒன்று ‘கடந்த ஒத்திசைவுக்குப் பிறகு இது மாறியது’ என்று சொல்லும். அதை அழுக்குப் பிட் என்பார்கள். பதிவைத் தொட்டால் அழுக்காகும். ஒத்திசைவு முடிந்தால் துடைக்கப்படும். எப்போது மாறியது என்ற கேள்வியே வேண்டாம், மாறியதா இல்லையா என்பது போதும். மணி என்ன என்று தெரியாத கணினியோடும் இது தவறாமல் வேலைசெய்யும். என்னைக் கேட்டால், அந்த மரத்துண்டைவிட இந்த ஒற்றைப் பிட்தான் பாமின் பெரிய கண்டுபிடிப்பு.

அதே பைட்டில் இன்னொரு பிட், அழிக்கப்பட்டதற்கானது. ஒரு பதிவை நீங்கள் அழித்தால் கருவி அதை உடனே வீசிவிடுவதில்லை. வீசிவிட்டால் இரவு கணினி என்ன நினைக்கும்? ‘என்னிடம் ஒரு பதிவு இருக்கிறது, கருவியில் இல்லை, ஆகவே இது புதுசு’ என்று மறுபடி அனுப்பிவைக்கும். அடைத்து முடித்த கடன் உயிர்த்தெழும். ஆகவே இல்லாமல் போனதையும் அடுத்த ஒத்திசைவுவரை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் 24 பிட்டில் தனி எண் உண்டு. பெயர் மாறினாலும் தொகை மாறினாலும் அந்த எண் மாறாது. ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் நம் ஊர்க் கடன் புத்தகத்துக்கு இது எவ்வளவு அவசியம் என்று கடைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இரண்டு பக்கமும் அழுக்கானால்? 4,200-ம் 3,700-ம் மோதும்போது பாம் தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்திலும் இரண்டு பதிவாகக் காட்டிவிடும். நீயே பார்த்து முடிவுசெய் என்று பொருள். எரிச்சலாக இருக்கும், ஆனால் காசு சம்பந்தப்பட்ட விஷயத்தில் யந்திரம் ஊகிப்பதைவிட இது மேல்.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. அழுக்குப் பிட் ஒரே ஒரு கணினியைத்தான் மனதில் வைத்திருக்கிறது. வீட்டுக் கணினியோடு ஒத்திசைத்தால் பிட் துடைக்கப்படும். கடைக் கணினிக்கு அந்த மாற்றம் தெரியாமலே போய்விடும். அதனால் கருவி கடைசியாக எந்தக் கணினியோடு பேசியது என்பதையும் குறித்து வைத்திருக்கும். அதே கணினியென்றால் அழுக்கானதை மட்டும் பார்த்து விநாடிகளில் முடிக்கும். வேறு கணினியென்றால் பதிவு பதிவாக முழுவதையும் ஒப்பிடும், மெதுவாக. சிலநாள் சட்டென்று முடியும் வேலை சிலநாள் ஏன் இழுக்கிறது என்ற புதிருக்கு விடை இதுதான். பேட்டரி செத்து உயிர்பெற்ற கருவியில் பயனர் எண்ணும் அழிந்துவிடுவதால் ஜே-பைலட் போன்ற லினக்ஸ் நிரல் ‘இது யாருடையது என்று தெரியவில்லை’ என்று ஒத்திசைக்க மறுக்கும். பழுதுபோலத் தெரியும் அந்த மறுப்பு உங்கள் கணக்கைக் காப்பாற்றுகிறது.

நம் எழுத்துக்கு நேர்ந்த கதி தனி. பாம் கருவி மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான எட்டு பிட் குறியேற்றத்தைத்தான் அறியும். அக்காலத் தமிழோ டிஸ்கி, டாம், டாப் என்று பல வழிகளில் அதே எட்டு பிட் இடங்களில் குடியேறியிருந்தது. கருவிக்குள் அது பைட்டுகளாகப் பத்திரமாகவே இருக்கும். லினக்ஸ் பக்கத்து நிரல், மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று நம்பி அதை யூனிகோடாக மாற்றும்போதுதான் ‘க’வும் ‘ம’வும் தலையில் கொம்பு முளைத்த ரோமன் எழுத்துகளாகிவிடும். கம்பியில் தவறில்லை, பிட்டில் தவறில்லை, ஒரு அனுமானத்தில் தவறு. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது 2010-ல். அதற்குள் பாமின் காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது.

இந்தக் குறையை முன்பே உணர்ந்து நம் பக்கத்து ஊரில் ஒரு முயற்சி நடந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் நிறுவனத்தினரும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியை 2001-ல் காட்டினார்கள். அதற்குள்ளேயே லினக்ஸ் ஓடியது. 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் சில்லு, தொடுதிரை, ஸ்மார்ட் கார்டு போட ஒரு துளை. தமிழ் உட்பட இந்திய மொழிகளை வாய்விட்டுப் படிக்கும் திறனும் சேர்ந்தது. ஸ்மார்ட் கார்டுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆளுக்கொரு கருவி வாங்க வசதியில்லாத ஊரில் கருவி பொதுவாக இருக்கட்டும், அவரவர் தகவல் அவரவர் கார்டில் இருக்கட்டும் என்பது யோசனை. ஒத்திசைவின் கேள்வியையே அது மாற்றிப் போட்டது: கருவி யாருடையது என்பதற்குப் பதில், இப்போது யார் கார்டு உள்ளே இருக்கிறது. அமிடா என்ற பெயரில் பிகோபேட்டா நிறுவனமும் பாரத் எலக்ட்ரானிக்ஸும் 2004-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தன. சாய்த்து ஆட்டினால் உணரும் சென்சார்கூட அதில் இருந்தது, ஐபோனுக்கு மூன்று ஆண்டு முன்பே. கர்நாடகத்தில் நிலப்பதிவேட்டு வேலைகளுக்குப் பயன்பட்டது. ஆனால் எதிர்பார்த்ததில் சிறு பங்குதான் விற்றது. மலிவாகிக்கொண்டே வந்த செல்போன் அதை ஓரங்கட்டிவிட்டது. தோற்ற திட்டங்களில் அதை நான் மரியாதையோடு நினைப்பதுண்டு.

இதெல்லாம் பழங்கதை என்று தோன்றலாம். உங்கள் ஆண்ட்ராய்டு போனை எடுத்து, 2011 முதல் மாணவர்களுக்கு அரசு கொடுத்த இலவச மடிக்கணினி வீட்டில் இருந்தால் அதில் செருகிப் பாருங்கள். அந்தத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கிராமத்து வீடுகள் பலவற்றுக்குள் லினக்ஸ் முதன்முதலாக நுழைந்தது அப்படித்தான். திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். போன் சார்ஜ் ஏறும், படங்கள் தெரியாது. போனின் பூட்டைத் திறந்து, ‘கோப்புப் பரிமாற்றம்’ என்பதைத் தொட்டால்தான் தெரியும். பேட்டரியை மிச்சப்படுத்த வைசர் செய்ததை, உங்கள் படங்களை யாரும் திருடாமலிருக்க இன்றைய போன் செய்கிறது.

அழுக்குப் பிட்டும் சாகவில்லை. கல்வராயன் மலையில் சிக்னல் எட்டாத ஊர் ஒன்றில் கணக்கெடுப்பவர் போனில் பதிந்துகொண்டு, கீழே இறங்கிச் சிக்னல் வந்ததும் அனுப்புகிறாரே, அந்தச் செயலிக்குள்ளும் ‘இன்னும் அனுப்பாதவை’ என்று ஒரு அடையாளம் இருந்தே தீர வேண்டும். பேருந்து நடத்துநர் டிக்கெட் மெஷினைப் பணிமனையில் கொடுக்கும்போது எந்த டிக்கெட்டுவரை இறக்கியாயிற்று என்பதற்கும் அப்படியே.

பரணில் பழைய பாம் ஒன்று கிடந்தால் அதற்குள் இருப்பதை வெளியே எடுக்கச் சீக்கிரம் முயலுங்கள். நாட்காட்டியில் ஆண்டைக் குறிக்க அது 7 பிட்தான் ஒதுக்கியது. 1904-ல் தொடங்கி 128 ஆண்டு ஓடி, 2031 டிசம்பர் 31, புதன்கிழமையோடு அதன் நாட்கள் தீர்ந்துவிடும். முதலில் புது பேட்டரி போடுங்கள். பின்பக்கத் துளையில் செருகுங்கள். பொத்தானை அழுத்திவிட்டு, வேறு எதையும் தொடுவதற்கு முன் டிமெசேஜைப் படியுங்கள். புது வரி எதுவுமே வரவில்லையென்றால் கேபிளையும் கிரேடில் முனைகளையும் பாருங்கள். வரி வந்து நிரல் தோற்றால் எண்ணைப் பாருங்கள். இயர்பட்ஸோடு இலவசமாக வந்த கேபிளை மட்டும் எடுக்காதீர்கள். அவற்றில் பலவற்றுக்குள் மின்சாரக் கம்பிகள் இரண்டுதான், தரவுக் கம்பி கிடையாது.